கண்டிச் சீமையில் மனநோயும் குடும்பத்தின் செலவும்

கண்டி வாவிக்கரையை விட்டுத் தென்கிழக்கே ஏறும் வீதியில் சிறிது தூரம் சென்றால் அம்பிட்டிய என்னும் ஊர் வரும். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் விருப்பப்படி 1893ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட குருமடத்தால் அவ்வூரின் பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டது. 1955ஆம் ஆண்டில் அக்குருமடம் இந்தியாவின் புனே நகருக்குச் சென்றபின், இலங்கையின் தேசியக் குருமடம் அவ்விடத்தில் இயங்கி வருகிறது. அதே வீதி மேலும் சென்று தலாத்துஓயாவைக் கடந்து ஹேவாஹெட்டத் தேயிலை மலைகளை அடைகிறது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டம் அம்மலைகளிலே உள்ளது. ஆகவே, அம்பிட்டியவில் நின்று நோக்கும் ஒருவருக்கு மூவகை வாழ்க்கை தென்படும். பின்னால் கண்டி நகரத்துக் கடை வீதி. சுற்றிலும் வயலும் வீட்டுத் தோட்டமும் உடைய கண்டியக் கிராமங்கள். எதிரே மலைமேல் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள்.

இம்மூவகை வீடுகளுள் எதிலும் மனநோய் நுழையலாம். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அயலார் வந்து நலம் விசாரிப்பர். கால் முறிந்தால் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவர். மனம் பேதலித்தாலோ வீட்டார் தாமே கதவைச் சாத்திக்கொள்வர். சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்த கொடுக்கல் வாங்கல்களை எழுதிவைத்த ஏடுகள் மிகச் சில. அரசரின் போர்ச் செலவுக்குக் கணக்குண்டு. தோட்டங்களின் வரவு செலவுக்குக் கணக்குண்டு. மனநோயுற்ற தந்தையை, தாயை, பிள்ளையை வைத்துக் காத்த குடும்பம் செலவிட்ட பணத்துக்கும் இழந்த பணத்துக்கும் கணக்கில்லை. ஆயினும், சட்டங்களையும் பயணிகளின் குறிப்புகளையும் மருத்துவ அறிக்கைகளையும் ஒருங்கு வைத்துப் பார்க்கின், அச்செலவின் வரலாறு ஓரளவு புலனாகிறது.

கண்டி இராச்சியத்தில் 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 1679ஆம் ஆண்டு தப்பிச்சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் கண்டவற்றை 1681ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆணும் பெண்ணும் திடீரெனத் தன்னிலை இழந்து காட்டுக்குள் ஓடுவதையும், பேச்சற்று நடுங்குவதையும், பொருளின்றிப் பிதற்றுவதையும் அவர் குறித்துள்ளார். இந்நிலை சிலருக்குச் சில நாட்களும் வேறு சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடித்தது என்றும், இது பேயின் செயல் எனக் கருதிய உற்றார் நோயாளி குணமடைந்தால் காணிக்கை தருவதாக அதனிடமே நேர்ந்துகொண்டனர் என்றும் அவர் எழுதினார். இக்குறிப்பில் வரலாற்று மாணவன் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நேர்த்தி வைத்தவர் நோயாளி அல்லர்; அவருடைய உற்றார். நோய் ஒருவருக்கு, கடன் வீட்டுக்கு என்னும் நியதி அன்றே நிலைபெற்றிருந்தது.

அக்கடனின் வடிவம் பலவாகும். தொவில் என்னும் பேயோட்டுஞ் சடங்குக்கு ஆடுவோரும் மேளம் அடிப்போரும் வேண்டும். படையலும் பந்தமும் வேண்டும். இரவு முழுதும் கூடியிருக்கும் ஊராருக்கு உணவும் வெற்றிலையும் வேண்டும். ஒரு சடங்கில் குணம் காணாவிடின் மற்றொன்று. அதன்பின் கதிர்காம யாத்திரை. அதற்கும் பின், சுதேச வைத்தியரின் எண்ணெயும் கசாயமும். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஊர் முழுவதையும் ஓரிடத்திற் கூட்டி, நோயாளி இன்னும் தம்முள் ஒருவரே என்று அறிவித்தமையும் அச்சடங்குகளின் பயனே. அப்பயனுக்கு உரிய விலையைக் கொடுத்தது குடும்பம் என்பதே இங்குக் கருதத்தக்கது.

கண்டியக் கிராமத்தில் செல்வம் என்பது நிலம். பராமரிப்புக்கு விலை கொடுக்க வேண்டுமாயின் நிலத்தையே கொடுக்க வேண்டும். முதுமையிலும் நோயிலும் தமக்குச் சோறும் துணியும் தந்து உதவுவோருக்குக் காணியை எழுதிக்கொடுத்தல் கண்டிய வழக்கில் பெரிதும் காணப்பட்டது. அவ்வாறு கொடுத்த நன்கொடையைக் கொடுத்தவரே பின்னர் மீட்டுக்கொள்ளும் உரிமையும் அவ்வழக்கில் பொதுவாக உண்டு. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கண்டியச் சட்டக் கட்டளைச்சட்டம் இவ்வழக்குகளுக்கு எழுத்து வடிவம் தந்தது. உடல்நோயாளர்க்கு இவ்வேற்பாடு நன்கு பொருந்தியது. மனநோயாளர்க்கோ இது பொருந்தவில்லை. சித்த சுவாதீனம் இழந்தவர் எழுதிக்கொடுக்கும் உறுதி செல்லாது. எனவே, பல்லாண்டு அவரைப் பேணிய தங்கைக்கோ மருமகனுக்கோ அவர் மனமுவந்து ஒரு துண்டுக் காணியைக் கொடுக்க எண்ணினாலும் வழியில்லை. பராமரித்தவர் கைப்பொருளைச் செலவிட்டார். ஈடு பெறும் வாயில் அடைபட்டிருந்தது.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அக்காலத்தில் மனநோயாளர்க்கெனத் தனி மனை எதுவும் இலங்கையில் இல்லை. ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் அமைத்த தொழுநோயாளர் மனையிலேயே மனநோயாளர் சிலரும் வைக்கப்பட்டனர். அவர்களைக் காவலில் வைப்பது பற்றிய முதற் சட்டம் 1839ஆம் ஆண்டில் பிறந்தது. 1847ஆம் ஆண்டில் பொறளையில் மனநோயாளர் மனை ஒன்று திறக்கப்பட்டது. 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச்சட்டம், ஒருவரை அம்மனையிற் சேர்க்கும் பொறுப்பை மாவட்ட நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. 1880களில் மனை கறுவாத்தோட்டத்துக்கு மாறிற்று. 1920களில் அங்கொடையில் பெரிய வைத்தியசாலை எழுந்தது.

இவ்வேற்பாட்டில் அரசாங்கம் செலவிட்டது யாருக்காக என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை தெளிவாகும். மதிலுக்குள் அடைக்கப்பட்டவரின் உணவுக்கும் உடைக்கும் காவலுக்கும் அரசாங்கம் பணம் ஒதுக்கிற்று. வீட்டில் வைத்துப் பேணப்பட்டவருக்கு ஒரு சதமேனும் ஒதுக்கவில்லை. ஆகவே, குடும்பத்தின் முன்னே இரண்டு வழிகளே இருந்தன. நோயாளியை நீதிமன்றத்தின் வழியாகக் கொழும்புக்கு அனுப்பிவிடலாம். அல்லது முழுச் செலவையும் தாமே ஏற்று வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட உதவி எதுவும் இருக்கவில்லை.

அனுப்பிவிட்டாலும் செலவு தீர்ந்ததில்லை. கண்டிக்கும் கொழும்புக்கும் இடையிலான புகைவண்டிப் பாதை 1867ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அதற்கு முன் மாட்டுவண்டியே கதி. புகைவண்டி வந்தபின்னும், அம்பிட்டியவின் அயற்கிராமத்தான் ஒருவன் தன் தமையனைக் காண ஒருமுறை கொழும்பு சென்று மீள்வதற்குக் கூலியையும் இழக்க வேண்டும், கட்டணமும் கட்டவேண்டும், இரவு தங்கும் இடமும் தேட வேண்டும். இவ்வாறு ஆண்டுக்கு நான்கு முறை சென்றவர் இரண்டு முறை செல்வார், பின்னர் ஒருமுறை, பின்னர் கடிதம் மட்டும். பார்க்க வருவோர் அற்ற நோயாளி குணமடைந்த பின்னும் மனையிலேயே முதுமை எய்தினார். இதனை அன்பின்மை என்று பலர் பழித்தனர். பயணச் செலவும் இழந்த கூலியும் அதில் எவ்வளவு பங்கு கொண்டன என்று எண்ணிப் பார்த்தவர் குறைவு.

சொத்துடையோர்க்குச் சட்டம் வேறொரு வழி வகுத்தது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, சித்த சுவாதீனமற்றோரையும் அவர்தம் ஆதனங்களையும் பேணுவதற்குத் தனி அத்தியாயம் ஒன்றைக் கொண்டது. அதன்படி உறவினர் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்திற்கு மனுச் செய்யலாம். நீதிமன்றம் விசாரணை நடத்தி, ஆளைப் பேண ஒரு பாதுகாவலரையும் ஆதனத்தை நடத்த ஒரு முகாமையாளரையும் நியமிக்கும். முகாமையாளர் சொத்தின் இருப்புப் பட்டியலையும் கணக்குகளையும் நீதிமன்றத்திற்கு ஒப்புவிக்க வேண்டும். நீதிமன்றின் அனுமதியின்றிக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. நோயாளியின் முதுசத்தைப் பேராசை கொண்ட சுற்றத்தாரிடமிருந்து காப்பதற்கு இவ்விதிகள் இன்றியமையாதன. ஆயின், பத்துப் பேர்ச் வீட்டு நிலமும் அரை ஏக்கர் வயலும் உடைய குடும்பத்துக்குச் சட்டத்தரணியின் கட்டணமும் முத்திரைச் செலவும் நீதிமன்றப் படியேறும் நாட்களும் காணியின் விளைவையே விழுங்கிவிடும். பெருஞ்செல்வர்க்கு அரணாக அமைந்த சட்டம் சிறு விவசாயிக்கு எட்டாக் கனியாயிற்று.

மலைமேல் இருந்த தமிழ்த் தொழிலாளரின் நிலை முற்றிலும் வேறு. அவர்களிடம் விற்பதற்கு நிலமே இல்லை. 1820களில் கோப்பிப் பயிருக்கென அழைத்துவரப்பட்ட காலந்தொட்டு அவர்களின் உடைமை உடல் உழைப்பு ஒன்றே. காலையில் பிரட்டுக் களத்தில் நின்றவர்க்கே அன்று பேர் விழும். பேர் விழுந்தவர்க்கே கூலி. வழிச் செலவுக்கும் அரிசிக்கும் கங்காணியிடம் பெற்ற முற்பணம் கடனாக நிற்கும். அக்கடன் எவ்வளவு என்று குறிக்கும் துண்டுச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்திற்குச் செல்ல முடியாது. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927ஆம் ஆண்டில் வந்தது.

இத்தகைய அமைப்பில் ஒரு லயக் காம்பராவில் மனநோய் புகுந்தால் விளைவு எவ்வாறிருக்கும்? நோயாளியின் பேர் முதலில் நிற்கும். அவரைத் தனியே விட்டுச் செல்ல இயலாமையால் மனைவியின் பேரோ மூத்த மகளின் பேரோ அடுத்து நிற்கும். கடனோ நிற்பதில்லை. குடியிருக்கும் அறை வேலையோடு பிணைந்தது. எனவே வேலை போனால் அறையும் போகும் என்னும் அச்சம் வேறு. 1872ஆம் ஆண்டிலும் 1880ஆம் ஆண்டிலும் நிறைவேறிய மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டங்கள் தோட்டப்புறங்களில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் எழ வழிசெய்தன. அவை காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் கருதி அமைந்தவை. தொழிலாளியை விரைவில் வேலைக்கு மீட்பதே அவற்றின் நோக்கம். ஆண்டுக்கணக்கில் ஏறியும் இறங்கியும் வரும் மனநோய்க்கு அங்கே இடமில்லை. மாரியம்மன் கோயில் திண்ணையும் பூசாரியின் திருநீறுமே அருகிலிருந்த மருத்துவம்.

நகரத்துக் கடை வீதியிலும் இதே துன்பம் வேறு உருவில் நின்றது. கடை நடத்துவோருக்கு வாக்கே முதல். மூத்த மகனுக்குப் புத்தி தடுமாறிற்று என்னும் செய்தி பரவினால் சரக்குக் கடன் கிடைப்பது குறையும். தங்கையின் கலியாணப் பேச்சு நின்றுபோகும், அல்லது சீதனம் கூடும். ஆதலால் குடும்பம் நோயை மறைக்கும். மறைத்தற்கும் விலையுண்டு. ஊரில் உள்ள வைத்தியரிடம் காட்டாது தொலைவில் உள்ளவரிடம் செல்வதும், இந்தியாவுக்குத் தலயாத்திரை என்று சொல்லி அழைத்துச் செல்வதும், வேலைக்காரரின் வாயை அடைப்பதும் அவ்விலையின் பகுதிகள். பழிச்சொல் மனத்தை மட்டும் புண்படுத்துவது எனப் பலர் எண்ணுகின்றனர். அது பணப்பையையும் கரைக்கும் என்பதற்கு இவ்வீடுகள் சான்று.

1937ஆம் ஆண்டில் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைவர் எட்வேட் மப்பதர் இலங்கை வந்து மனநோய்ச் சிகிச்சையின் நிலையை ஆராய்ந்தார். அங்கொடையின் நெரிசலை அவர் கடுமையாகக் குறைகூறினார். ஒரே பெரிய மனையில் எல்லோரையும் அடைப்பதை விடுத்து, பொது வைத்தியசாலைகளோடு சேர்ந்த சிகிச்சையும் வெளிநோயாளர் பிரிவுகளும் வேண்டும் என்பது அவர் கருத்து. அதனை உடனடியாகவும் நாடெங்கும் நிறைவேற்றப் பணமும் ஆளும் போதவில்லை. 1956ஆம் ஆண்டில் பழைய சட்டம் திருத்தப்பட்டு மனநோய்க் கட்டளைச்சட்டம் என்னும் பெயரைப் பெற்றது. நோயாளி தாமே விரும்பி வைத்தியசாலை சேர்வதற்கும் வழி திறந்தது.

இதற்கிடையில் மருத்துவ உலகில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளருக்குக் கொடுக்கப்பட்டு, அதன் பயன் உலகெங்கும் பரவிற்று. ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தோர் பலர் அமைதியடைந்து வீடு திரும்பினர். இது மனித குலம் மகிழத்தக்க வெற்றி. அவ்வெற்றிக்கு மறுபுறமும் உண்டு. மதிலுக்குள் இருந்தவரையில் அரசாங்கத்தின் ஏட்டில் நின்ற செலவு, அவர் வாசற்படி மிதித்த அன்றே குடும்பத்தின் ஏட்டுக்கு மாறியது. நோயாளியோடு பணமும் வீட்டுக்கு வரவில்லை. மேலைநாடுகளிலும் நிகழ்ந்தது இதுவே. இங்கிலாந்தின் சிச்செஸ்ட்டர் நகரில் கிராட், செயின்ஸ்பரி என்னும் இருவர் இவ்வாறு வீட்டில் இருந்த நோயாளரின் குடும்பங்களை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே, குடும்பத்தின் சுமை என்பது ஆய்வுக்குரிய பொருளாயிற்று.

கீழைநாட்டுக் குடும்பத்தின் சுமையை அளக்க மேலைநாட்டு முழக்கோல் போதாது. இதனை உணர்ந்து, இந்தியாவில் சைலா பாய், ஆர். எல். கபூர் ஆகிய இருவரும் 1981ஆம் ஆண்டில் ஒரு வினாத்தொகுதியை வெளியிட்டனர். அதில் முதலிடம் பெற்றது பணச் சுமையே. அது ஆறு வினாக்களாக விரிகிறது. நோயாளியின் வருமானம் நின்றதா? அவரைப் பார்த்துக்கொள்வதால் வேறொருவரின் வருமானம் நின்றதா? சிகிச்சைக்குச் செலவு எவ்வளவு? நோயின் பொருட்டுச் செய்த வேறு ஏற்பாடுகளுக்குச் செலவு எவ்வளவு? கடன் வாங்கினரா, சேமிப்பைக் கரைத்தனரா? திருமணம், பயணம், சமயக் கடமை போன்ற எதனையேனும் பணமுடையால் ஒத்திவைத்தனரா?

இவ்வாறு வினாக்களையும் அம்பிட்டியவைச் சூழ்ந்த மூவகை வீடுகளிலும் கேட்டால் வரலாறு முழுவதும் விடையாக வரும். சிகிச்சைச் செலவு என்பது ஆறில் ஒன்றே. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம் என்பதை நேயர்கள் அறிவார்கள். இது நாட்டின் பெருமைகளுள் ஒன்று; பல நாடுகளில் மருந்துச் சீட்டே குடும்பத்தை வறுமைக்குள் தள்ளுகிறது. ஆயினும் இலவச மருந்து மூன்றாம் வினாவுக்கு மட்டுமே விடை. ஏனைய ஐந்தும் விடையின்றி நிற்கின்றன. கண்டி வைத்தியசாலையின் கிளினிக்கிற்கோ, 1980ஆம் ஆண்டில் தொடங்கிய பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ மாதம் ஒருமுறை நோயாளியை அழைத்துவரும் தோட்டத் தொழிலாளியின் கணக்கைப் பார்க்கலாம். தோட்ட நாட்கூலி 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மருந்துக்கு அவர் பணம் தரவில்லை. ஆனால் அன்றைய 1,000 ரூபாவை இழந்தார், இருவருக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்தார், நோயாளி கூட்டத்தில் பேருந்தேற மறுத்தால் முச்சக்கர வண்டிக்கும் கொடுத்தார். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை இது நிகழும். ஒரு மாதம் பணம் இல்லையெனில் மருந்தும் இல்லை. மருந்து நின்றால் நோய் திரும்பும். நோய் திரும்பினால் மேலும் பல நாட்கூலி போகும். சிறு செலவொன்றை இல்லாமையால் தவிர்த்து, அதனாற் பெருஞ்செலவுக்கு ஆளாகும் இச்சுழலே வறிய வீட்டின் தனித் துன்பம்.

இச்சுமையை வீட்டில் யார் சுமக்கின்றனர் என்பதும் கேட்கத்தக்கது. பெரும்பாலும் பெண்களே. கணவன் நோயுற்றால் மனைவி கொழுந்தும் பறிப்பார், வீட்டையும் காப்பார். பிள்ளை நோயுற்றால் தாய் வேலையை விடுவார். தாய் நோயுற்றால் மகள் பள்ளிக்கூடத்தை விடுவார். முதலிரண்டிலும் இழப்பது கூலி. மூன்றாவதில் இழப்பது ஓர் ஆயுட்காலத்து வருமானம். இவ்விழப்பு எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

1979ஆம் ஆண்டில் நான்சி வாக்ஸ்லர் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை ஒன்று உலகின் கவனத்தைப் பெற்றது. கடும் மனச்சிதைவு நோயால் இலங்கையில் வைத்தியசாலை சேர்ந்தோரை ஐந்தாண்டின் பின் ஆராய்ந்த அவர், அவர்களுட் பலர் எதிர்பார்த்ததிலும் நன்கு தேறியிருந்தனர் எனக் கண்டார். நோய் நீங்கக்கூடியது எனச் சமூகம் நம்புவதும், தேறியவரைக் குடும்பம் மீண்டும் ஏற்றுப் பழைய வேலையைக் கொடுப்பதும் இதற்குக் காரணம் என்பது அவர் விளக்கம். பிற ஆய்வாளர் இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் எழுதியுள்ளனர். உண்மை எவ்வளவாயினும், அந்நற்பயன் இலவசமாக விளைந்தது அன்று. நம் குடும்பங்கள் அன்பானவை என்று பெருமை கொள்வோர், அவ்வன்புக்கு வீட்டார் செலுத்திய தொகையையும் கூறுதல் வேண்டும். இல்லையெனில் குடும்பப் பெருமை அரசாங்கம் கைகழுவுதற்கு ஒரு சாக்காகிவிடும்.

வேறு வழிகள் உலகில் இல்லாமல் இல்லை. பெல்ஜியம் நாட்டில் ஹீல் என்னும் சிறு நகரம் உண்டு. புனித டிம்ப்னாவின் ஆலயத்தை நாடிவந்த மனநோயாளரை அந்நகர மக்கள் இடைக்காலந்தொட்டுத் தம் வீடுகளில் ஏற்று வைத்துக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசாங்கம் இதனைத் தன் மேற்பார்வையிற் கொண்டு, நோயாளியை வைத்திருக்கும் வீட்டாருக்குப் பணமும் கொடுத்தது. 1938ஆம் ஆண்டளவில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு அங்கு வாழ்ந்தனர். வீட்டுப் பராமரிப்பு ஒரு தொழில், அதற்கு ஊதியம் உண்டு என்பதை அந்நகரம் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறது.

இந்தியாவிலும் 1950களில் அமிர்தசரஸ் மனநோய் வைத்தியசாலையில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளரின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து சிகிச்சையில் பங்கு கொடுத்தார். கண்டியின் இறுதி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறையிருந்து 1832ஆம் ஆண்டில் உயிர்நீத்த வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957ஆம் ஆண்டில் தொடங்கிய மனநல நிலையமும் குடும்பத்தோடு தங்கும் முறையைக் கைக்கொண்டது. நோயை விளங்கிக்கொண்ட குடும்பம் அடுத்த முறை நோய் தலைகாட்டும்போதே அறிந்து விரைந்து வரும்; அதனால் செலவும் குறையும். ஆயின், தங்கும் நாட்களின் கூலியை யார் கொடுப்பது என்னும் வினா அங்கும் எஞ்சியே நின்றது.

இலங்கை அரசாங்கம் இவ்விடயத்தில் முற்றாக வாளாவிருந்தது என்று கூறுதல் நியாயமன்று. 1939ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் கண்டி உள்ளிட்ட மாநகர சபைகள் வறியோர்க்கு உதவுதலைக் கடமையாக்கிற்று. பிச்சைச் சம்பளம் என மக்கள் அழைத்த பொதுசன உதவிப்பணம் பிற இடங்களிலும் வழங்கப்பட்டது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோர் என்பதில் உடற்குறையோடு உளக்குறையையும் சேர்த்தது. 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், வலுவிழந்த பிள்ளை வயது வந்தவராயினும் வசதியுள்ள பெற்றோரே பேண வேண்டும் என விதித்தது. 2005ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட மனநலக் கொள்கை, சிகிச்சையைக் கொழும்பிலிருந்து மாவட்டங்களுக்குப் பரப்பும் பணியைத் தொடங்கிற்று. அங்கொடை வைத்தியசாலை 2008ஆம் ஆண்டில் தேசிய மனநல நிறுவகம் ஆயிற்று. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் வலுவிழந்தோர்க்கு மாதம் 5,000 ரூபா குறிக்கப்பட்டது. பின்னர் அத்தொகை உயர்த்தப்பட்டது.

இவற்றுள் சிகிச்சையை அண்மையிற் கொணர்ந்த ஏற்பாடே குடும்பத்தின் செலவை நேராகக் குறைத்தது. ஏனையவற்றில் ஒரு குறை பொதுவாகக் காணப்படுகிறது. வறியோர்க்கு உதவி உண்டு, வலுவிழந்தோர்க்கும் உண்டு, அவரைப் பேணுவதற்காக வேலையை விட்ட தாய் எவ்வகுப்பிலும் சேரமாட்டார். கால் இழந்தவரின் குறை எந்நாளும் கண்ணுக்குத் தெரியும். மனநோயோ ஏறியும் இறங்கியும் வரும். நல்ல நாளில் விசாரிக்க வரும் உத்தியோகத்தருக்கு நோயாளி திடகாத்திரராகவே தோன்றுவார். பராமரிப்புச் சட்டமும் பெற்றோர்க்குக் கடமையை விதித்ததேயன்றிக் கடமை செய்வோர்க்குத் துணை எதனையும் விதிக்கவில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இச்சுமையின் முழுப் பாரத்தையும் வெளிக்காட்டிற்று. அந்நியச் செலாவணி வற்றியதால் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எரிபொருள் இன்மையாற் பேருந்துகள் நின்றன. விலைவாசி எல்லை கடந்தது. வைத்தியசாலையில் இல்லாத மாத்திரையை வெளிக்கடையில் வாங்குமாறு சொல்லப்பட்டபோது, இலவசம் என்னும் கூரை விலகி, குடும்பம் பழையபடி வெட்டவெளியில் நின்றது. தாலிக்கொடி அடகுக்கடைக்குச் சென்ற கதை அந்நாட்களில் பல வீடுகளுக்குப் பொது. மனநோயாளர் உள்ள வீட்டில் அது முன்னரே சென்றிருந்தது என்பதே வேறுபாடு.

மூன்றரை நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு நேர்கோடு தென்படுகிறது. நொக்ஸ் கண்ட உற்றார் பேய்க்கு நேர்ந்த காணிக்கையும், கண்டிய விவசாயி கைவிட்ட வயலும், தோட்டத் தொழிலாளியின் விழாத பேரும், கடைக்காரரின் மறைவான செலவும், இன்றைய கிளினிக் நாளில் இழக்கும் கூலியும் ஒரே கணக்கின் வெவ்வேறு பக்கங்கள். அரசு மாறிற்று, மருந்து மாறிற்று, நோயின் பெயரும் மாறிற்று; கணக்கைத் தீர்ப்பவர் மாறவில்லை.

இக்கணக்கைப் பகிர்ந்துகொள்ளுதல் ஆகாத காரியம் அன்று. மாத மருந்தும் ஊசியும் தோட்ட மருந்தகத்திலும் கிராமச் சுகாதார நிலையத்திலும் கிடைக்குமாயின் பன்னிரண்டு நாட்கூலி மிஞ்சும். பேணுபவருக்கு ஒரு சிறு மாதப்படி கொடுக்கப்படுமாயின் மகள் பள்ளிக்கூடத்தை விட வேண்டியதில்லை. நல்ல நாளில் இருக்கும் நோயாளிக்கு அரை நாள் வேலையேனும் கொடுக்கும் தோட்டமும் கடையும் இருக்குமாயின் மருந்தினால் ஆகாத நன்மையும் ஆகும். அயலார் ஒருவர் வாரத்தில் ஒருநாள் மாலை வந்து நோயாளியின் அருகே இருந்தால், பத்து மாதமாகக் கோயிலுக்கும் சந்தைக்கும் செல்லாத தாய் சென்றுவருவார். முதலிரண்டும் அரசாங்கத்தின் பாற்பட்டவை. பின்னிரண்டுக்கும் சட்டம் வேண்டியதில்லை. காய்ச்சல் கண்ட வீட்டுக்குக் கஞ்சி கொண்டு செல்லும் கை, சாத்திய கதவையும் ஒருமுறை தட்டினாற் போதும்.